வம்சாவளிப் படிவத்தில் ஒரு கட்டம்: குமரி மாவட்டக் குடும்பக் கோவில் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் குடும்பக் கோவில் நிர்வாகக் குழுவில் இருக்கும் அண்ணன்மார்க்கும் தம்பிமார்க்கும், இதே வேலையில் இறங்கியிருக்கும் மாவட்டத்தின் மற்றக் குடும்பக் கோவில் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

போன கொடை விழா முடிந்த மறுவாரம் கோவிலின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படிவம் வந்தது. குடும்பத்தின் வம்சாவளியைப் புத்தகமாக அச்சடிக்கப் போகிறோம், எல்லாத் தலைக்கட்டும், அதாவது ஒவ்வொரு குடும்பத் தலைவரும், விவரம் எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள் நான். தன் வீட்டு வரலாற்றை எழுதி வைக்க நினைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு அவ்வளவு பிரியம்.

படிவத்தைத் திறந்தேன். தலைக்கட்டின் பெயர், அப்பா பெயர், பாட்டா பெயர், பாட்டாவின் அப்பா பெயர். பிறகு மனைவி பெயர், ஆண்மக்களின் பெயர், படிப்பு, வேலை. கடைசியில், "பெண்மக்கள் எத்தனை பேர்?" என்று ஒரு வரி. பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அதில் ஒரு எண் எழுதத்தான் இடம் இருந்தது.

என் தம்பி நிரப்பிய படிவத்தில் அவன் மகன் பெயரோடும் படிப்போடும் இருக்கிறான். மகள் '1' என்று இருக்கிறாள். கோவிலின் வரிக் கணக்கை இரண்டு வருடமாகக் கணினியில் ஏற்றிக் கொடுப்பது அந்தப் பிள்ளைதான். நானோ அந்த எண்ணிலும் இல்லை. அப்பா இறந்துவிட்டதால் அவருக்கெனத் தனிப் படிவம் கிடையாது. தம்பியின் படிவத்தில் அக்காவுக்குக் கட்டம் கிடையாது.

குழுவில் ஒருவரிடம் போன் செய்து கேட்டேன். எனக்குத் தம்பி முறை. மரியாதையாகத்தான் பேசினார். "அக்கா, உங்கள கெட்டிக்குடுத்த இடத்துலதானே நீங்க எழுதணும்" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். ஆனால் கட்டிக்கொடுத்த இடத்தின் கோவிலில் நான் "மனைவி பெயர்" என்ற கட்டத்தில் இருக்கிறேன். என் அம்மை யார், நான் எந்த வீட்டில் பிறந்தேன் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. இங்கேயும் அது இல்லை. அப்படியானால் என் அம்மையும் அவளுடைய அம்மையும் எந்தப் புத்தகத்தில் வருவார்கள்?

இப்போது உங்கள் படிவத்தின் நான்காவது கேள்விக்கு வருகிறேன். பாட்டாவின் அப்பா பெயர். இதை எழுதும்போது யாருக்கும் கை நிற்கவில்லையா? நம் குடும்பத்தில் பாட்டாவின் அப்பா இந்தக் கோவிலைச் சேர்ந்தவரே இல்லை.

நிதானமாக யோசித்துப் பாருங்கள். நம்முடையது நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழிக் குடும்பம், தாய் வழியில் உறவையும் சொத்தையும் கணக்கு வைத்த குடும்பம். என் அப்பா பிறந்தது 1930 வாக்கில். பாட்டா பிறந்தது அதற்கு முப்பது வருடம் முன்னால். பாட்டா பிறந்தபோது பிள்ளை தாயின் தறவாட்டை, அதாவது தாய்வழிக் கூட்டுக்குடும்பத்தைச் சேர்ந்தது, தகப்பன் அவருடைய தாயின் தறவாட்டைச் சேர்ந்தவர். பாட்டாவுக்கு இந்தக் கோவில் கிடைத்தது அவருடைய அம்மை வழியாக. அந்த அம்மைக்கு அவளுடைய அம்மை வழியாக. பாட்டாவின் அப்பா கும்பிட்டது வேறொரு தெய்வத்தை, வேறொரு ஊரில். நீங்கள் வரையும் மரத்தில் மூன்று கிளை ஏறியதுமே வேறு குடும்பத்தின் தோட்டத்துக்குள் போய்விடுகிறீர்கள். இந்தப் பீடத்துக்கு நம்மைக் கொண்டுவந்து சேர்த்த பெண்ணின் பெயர் புத்தகத்தில் எங்கேயும் வராது.

இதை இளைய தலைமுறை நம்ப மாட்டேன் என்கிறது. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

மருமக்கள்வழியில் சொத்து ஒருவருடைய சொத்தாக இருந்ததில்லை, தறவாட்டின் சொத்து. ஒரு மூத்த பெண்ணின் வயிற்றில் வந்த பெண்கள், அவர்களின் பிள்ளைகள் எல்லோரும் அதன் உறுப்பினர்கள். நிர்வாகம் மட்டும் மூத்த ஆண் கையில். அவர் காரணவர், மற்றவர்கள் அனந்திரவர்கள். அவர் காலம் முடிந்தால் பொறுப்பு அவருடைய தம்பிக்கோ சகோதரியின் மகனுக்கோ போகும், சொந்த மகனுக்குப் போகாது. மகன் அவன் தாயின் தறவாட்டில் அனந்திரவன். தந்தை வழியில் வந்ததென்றால் உகந்துடைமை என்று மனைவி மக்களுக்கு ஒதுக்கிய சிறு பங்குதான். மாமன் மகளைக் கட்டுவது இங்கே இவ்வளவு ஆழமாக வேர் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். காரணவரின் மகளை மருமகன் கட்டினால், மகனுக்குப் போகாத சொத்தின் பலனை மகளாவது அனுபவிப்பாள். முறைமாமன், முறைப்பெண் என்று நாம் கேலியும் கிண்டலுமாகச் சொல்கிற சொல்லுக்குப் பின்னால் நிலமும் நெல்லும் இருந்தன.

அன்று நம் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரண்மனையிலும் இதே வழிதான். தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பிள்ளைகளை எத்தனையோ முறை சுற்றுலா கூட்டிப் போயிருக்கிறேன். அங்கே மிகப் பழைய கட்டடத்தின் பெயர் தாய்க்கொட்டாரம். திருவிதாங்கூரில் மன்னரின் மகன் மன்னர் ஆக முடியாது, சகோதரியின் மகன்தான் ஆக முடியும். 1729-ல் ராம வர்மா இறந்தபோது பட்டம் அவருடைய மருமகன் மார்த்தாண்ட வர்மாவுக்குப் போனது. ராம வர்மாவின் மகன்களான தம்பிமார் எங்களுக்கும் உரிமை உண்டு என்று எதிர்த்து நின்று கொல்லப்பட்டார்கள். அவர்கள் கதையை நம் பக்கத்தில் வில்லுப்பாட்டாகப் பாடுவார்கள். மக்கள்வழியா, மருமக்கள்வழியா என்ற கேள்வி நம் மண்ணில் ரத்தம் சிந்த வைத்த கேள்வி.

பழைய முறையை நான் மெச்சவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் பொய்யாகிவிடும். என் ஆச்சியின் அம்மை முப்பது வயதுக்குள் தாலி அறுத்தவள். புருஷன் இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நான்கு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. அந்த வீட்டை அவளும் சேர்ந்து உழைத்துத்தான் எடுத்துக் கட்டினார்கள். ஆனால் வீடு அவருடைய தறவாட்டுக்கு, அதாவது அவருடைய மருமக்களுக்கு. இவள் திரும்பிப் போனது அண்ணன் காரணவராக இருந்த வீட்டுக்கு. அங்கே அண்ணனின் மனைவியும் பிள்ளைகளும் ஒரு பக்கம், உரிமையுள்ள தங்கையும் பிள்ளைகளும் மறுபக்கம். அடுப்பு ஒன்று, மனசு இரண்டு. ஆச்சி இதைச் சொல்லும்போதெல்லாம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். காரணவர்கள் தறவாட்டுப் பணத்தைச் சொந்தப் பிள்ளைகளுக்கு ஒளித்துக் கொடுத்ததும், அனந்திரவர்கள் வழக்குப் போட்டதும், வக்கீலுக்கே வயல் போனதும் நம் ஊர் முழுக்க நடந்த கதை. தேரூர்க் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை இந்தக் கொடுமையை நீண்ட கவிதையாகவே பாடினார்.

பெண் வழியில் சொத்து இறங்குவது வேறு, பெண் கையில் அதிகாரம் இருப்பது வேறு. நம் ஆச்சிமாருக்கு வழி இருந்தது, சாவி இல்லை.

அப்புறம் அது மாறியது. கொல்லம் ஆண்டு 1100-ல் நாயர்களுக்கும் ஈழவர்களுக்கும் தனித்தனிச் சட்டங்கள் வந்தன. 1101-ல், அதாவது 1926-ல், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. 1115-ல் கிருஷ்ணன்வகைச் சமூகத்தாருக்கும் வந்தது. தறவாடுகள் பாகம் பிரிந்தன, மகன்கள் வாரிசானார்கள். நாடு முழுவதற்குமாக 1956 ஜூனில் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். ஆரம்பத்தில் சொற்களுக்கு விளக்கம் சொல்லும் பகுதியிலேயே நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தின் பெயர் இருக்கும். அதே வருடம் நவம்பர் 1-ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். கேரளத்தில் கூட்டுக்குடும்ப முறையையே ஒழித்து 1975-ல் சட்டம் போட்டார்கள். அதற்குள் நாம் எல்லையின் இந்தப் பக்கம் வந்துவிட்டோம்.

ஆக, "பரம்பரை பரம்பரையாக ஆண் வழிதான்" என்று குழுவில் ஒரு பெரியவர் குரல்பதிவு போட்டிருந்தாரே, அந்தப் பரம்பரைக்குச் சுமார் நூறு வயது, அவ்வளவுதான். என் பாட்டா வாலிபனாக இருந்தபோது தொடங்கியது அது. பாகம் பிரித்த மலையாளப் பத்திரம் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கிறது. அதில் முதலில் எழுதியிருப்பது ஒரு பெண்ணின் பெயர். அவளுடைய சந்ததியில் இன்னின்னார் என்றுதான் அது தொடங்குகிறது. ஆண்களின் பெயர் அதற்குப் பிறகு.

வகுப்பில் சொல்லிக் கொடுத்த பழக்கம், வெளியூர்க் கதைகளையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மனிதர்கள் உறவை எத்தனை விதமாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால், நம் வழி ஒன்றே இயற்கை என்ற எண்ணம் தானாகக் கரைந்துபோகும்.

தமிழிலேயே தொடங்கலாம். அப்பாவின் அண்ணன் தம்பி நமக்குப் பெரியப்பா, சித்தப்பா. அவர்களும் அப்பாதான். அம்மையின் சகோதரன் மாமா, முற்றிலும் வேறு ஆள். பெரியப்பா மகள் அக்காள் தங்கை, மாமா மகள் கட்டிக்கொள்கிற முறை. இங்கிலீஷ்காரருக்கு எல்லோரும் அங்கிள், எல்லோரும் கசின். லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்க வழக்கறிஞர், தன் நாட்டுப் பழங்குடிகளான செனக்கா மக்கள் உறவினரை அழைக்கும் முறையும் தமிழரின் முறையும் பெரும்பாலும் ஒத்துப்போவதைக் கண்டு அசந்து போனார். 1871-ல் அவர் வெளியிட்ட ஆய்வில் நம் பெரியப்பாவும் மாமாவும் அட்டவணையாக இருக்கிறார்கள். உறவுமுறை பற்றிய படிப்பே உலகத்தில் அங்கிருந்துதான் வளர்ந்தது.

இந்தோனேசியாவில் மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவு மக்கள் முஸ்லிம்கள். பூர்வீக நிலமும் பெரிய வீடும் அங்கே தாய் வழியில் மகளுக்குப் போகின்றன. தாய்மாமன் அந்தக் குடும்பத்தின் பெரியவர். அவரை அவர்கள் அழைப்பது "மாமக்" என்று! ஒருவர் சொந்தமாகச் சம்பாதித்தது மட்டும் இஸ்லாமிய முறைப்படி பிள்ளைகளுக்குப் போகும். மேகாலயத்தில் காசி என்ற பழங்குடி மக்களிடம் கடைசி மகள்தான் வீட்டைக் காப்பவள், முன்னோருக்குச் செய்ய வேண்டிய சடங்குகளையும் அவள் வீட்டில்தான் செய்வார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், காயல்பட்டினத்துக்குப் போய்ப் பாருங்கள். வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார்.

நம் குழு கட்டாயம் அறிய வேண்டியது மட்டக்களப்பு. அங்கே தமிழர்களிடம் குடி என்ற முறை உண்டு. பிள்ளை தாயின் குடியைச் சேரும். கோவிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் என்ற பொறுப்பும் அந்தக் குடிகளின் வழியேதான் வருகிறது. கடல் தாண்டிய தமிழர்கள் தாய் வழியில் கோவிலை இன்றும் நடத்துகிறார்கள். நாமும் நடத்தியவர்கள்தான், மறந்துவிட்டோம்.

தாய்வழி என்றால் எல்லாம் நன்மை என்றும் இல்லை. ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் அக்கான் மக்களிடம் நம் மருமக்கள்வழி போலவே ஒரு முறை. கணவன் இறந்தால் அவன் தேடிய சொத்தை அவனுடைய தாய்வழிச் சொந்தம் எடுத்துக்கொள்ள, மனைவியும் பிள்ளைகளும் வெறுங்கையோடு நிற்பார்கள். அதைத் தடுக்க 1985-ல் அந்த நாட்டில் சட்டம் போட்டார்கள். அதைப் படித்தபோது என் ஆச்சியின் அம்மை நான்கு பிள்ளைகளோடு தோவாளைப் பக்கத்து வண்டித்தடத்தில் நடந்து வருவதுதான் கண்ணில் தெரிந்தது. எந்த வழியாக இருந்தாலும் கணக்கில் விடுபடுகிறவர் ஒருவர் இருக்கிறார். அவர் யார் என்று தேடிப் பார்க்க வேண்டியது கணக்கு எழுதுகிறவரின் பொறுப்பு.

இன்னும் ஒரு நாட்டைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். கொரியா. வம்சாவளிப் புத்தகம் போடுவதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. அங்கே இன்று கிடைப்பதிலேயே மிகப் பழையது ஆண்டோங் குவோன் குலத்தார் 1476-ல் அச்சிட்டது. அதில் மகன் மகள் இருவரையும் எழுதியிருக்கிறார்கள். மகள் வழிப் பேரப்பிள்ளைகளும் அதில் உண்டு. பிந்தைய நூற்றாண்டுகளில் கன்பூசிய வழக்கம் இறுகியபோதுதான் மகள்களின் வழி உதிர்ந்தது. குலச் சங்கங்கள் ஆண்களுக்கு மட்டும் என்றாயின. யோங்கின் லீ குலத்தில் பொது நிலத்தை விற்ற பணத்தைப் பிரித்தபோது, கட்டிக்கொடுத்த பெண்கள் வழக்குப் போட்டார்கள். 2005 ஜூலையில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், ஒரே முன்னோரின் வழி வந்த வயதுக்கு வந்த பெண்களும் குலச் சங்கத்தின் உறுப்பினர்களே என்று தீர்ப்புச் சொன்னது.

அதே 2005-ல், செப்டம்பரில்தான் நம் நாட்டிலும் மகளுக்கு மகனைப் போலவே பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை உண்டு என்று சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாடு இதை 1989-லேயே செய்தது. ஆனால் அந்த வருடம் மார்ச் 25-க்கு முன் கல்யாணம் ஆன பெண்களுக்கு அது இல்லை. எனக்குக் கல்யாணம் ஆனது 1984-ல். அந்தச் சட்டம் வந்த நாளில் பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் நாளிதழைப் படித்துவிட்டு மடித்து வைத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. பிறகு மத்தியச் சட்டம் அந்த நிபந்தனை இல்லாமல் வந்தது. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதும் அவசியமில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இப்போது குடும்ப மலர் போடுகிறார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1916-ன் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தில் மகளுக்கு ஸ்திரீதனமாக, மகன் பங்கில் கால் பங்கு அல்லது 5000 ரூபாய், இதில் எது குறைவோ அது. மேரி ராய் என்ற பெண்மணி உச்ச நீதிமன்றம் வரை போனார். 1951-லிருந்தே அந்தச் சட்டம் செல்லாது என்று 1986-ல் தீர்ப்பு வந்தது. நம் மாவட்டமும் அந்தத் திருவிதாங்கூரில் இருந்ததுதானே.

சட்டத்தை இழுத்ததும் சிலர் முகம் மாறும் என்று தெரியும். "புத்தகத்துல பேர் போட்டா நாளைக்குக் கோவில் நிலத்துல பங்கு கேப்பாளுவோ" என்று கொடையன்று பந்தியில் பேசியது என் காதிலும் விழுந்தது. சகோதரர்களே, சொத்து உரிமை உள்ளவளுக்கு அது சட்டப்படி இருக்கிறது. உங்கள் புத்தகம் அதைக் கொடுக்கவும் போவதில்லை, பறிக்கவும் போவதில்லை. நான் கேட்பது பெயர்.

நம் கோவிலில் மாடனுக்கும் இசக்கிக்கும் நடுவில் கன்னி இருக்கிறாள். நம் குடும்பத்தில் கல்யாணத்துக்கு முன் இறந்துபோன பெண்பிள்ளை அவள். எத்தனை தலைமுறைக்கு முந்தியவள் என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கு ஓலைப்பெட்டியில் பட்டுப்பாவாடையும் வளையலும் வைத்துக் கும்பிடுகிறோம். வீட்டில் நல்லது நடந்தால் முதலில் அவளுக்குத் துணி எடுக்கிறோம். இறந்துபோன மகள் இந்தக் குடும்பத்தைவிட்டு ஒருநாளும் போனதில்லை. உயிரோடு இருந்து, கட்டிக்கொடுத்த இடத்துக்குப் போன மகள் மட்டும் எப்படிப் போய்விட்டவள் ஆகிறாள்? இந்தக் கேள்வி சில மாதமாக என்னைத் தூங்கவிடவில்லை. பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

படிவத்தில் செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. அந்தச் சின்னக் கட்டத்தை எடுத்துவிட்டு, மகன்களுக்குக் கேட்டதையே மகள்களுக்கும் கேளுங்கள்: பெயர், படிப்பு, வேலை, பிள்ளைகள். பிறந்த வரிசையிலேயே எழுதுங்கள், மூத்தது பெண் என்றால் பெண் முதலில் வரட்டும். மருமகளாக வந்தவர்களிடம் அவர்கள் பிறந்த வீட்டையும் அம்மை பெயரையும் கேட்டு வாங்குங்கள். இறந்துபோன தலைக்கட்டுகளின் பெண்மக்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள், என்னைப் போல ஒரு கட்டத்திலும் சேராதவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். வரி கொடுக்க விரும்புகிற பெண்ணிடம் முழு வரி வாங்கி, அவள் பெயரிலேயே ரசீது போடுங்கள். கணவனை இழந்தவளுக்கு அரை வரி என்று சில கோவில்களில் வைத்திருக்கிறார்கள். இரக்கத்தில் செய்வதுதான், ஆனால் அவளை அரை ஆளாக்குவது போல இருக்கிறது. வசதி இல்லாதவர்களுக்கு ஆண் பெண் பார்க்காமல் குறையுங்கள்.

பாட்டாவின் அப்பா பெயரைக் கேட்கும் இடத்தில், பாட்டாவின் அம்மை பெயரையும் கேளுங்கள். இது மிக அவசரம். எண்பது தாண்டிய ஆச்சிமார் நம் குடும்பத்தில் மிஞ்சியிருப்பது மூன்று பேர். அவர்களுக்குத் தெரிந்த பெயர்கள் வேறு யாருக்கும் தெரியாது. அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுத ஆள் இல்லை என்றால் நான் போகிறேன். தம்பி மகளும் வருகிறேன் என்கிறாள், கைபேசியில் பதிவும் செய்வாள். வண்டிச் செலவு எங்களுடையது.

நீங்கள் அனுப்பிய படிவத்தை அச்செடுத்தபோது பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் என் பெயரை எழுதி, மேலே அம்மை, அவளுக்கு மேலே ஆச்சி, ஆச்சியின் அம்மை என்று எனக்குத் தெரிந்தவரை எழுதியிருக்கிறேன். பக்கத்தில் அப்பா வழியையும் எழுதினேன். பாட்டா, பாட்டாவின் அம்மை. இந்தக் கோவிலுக்கு நம்மைக் கொண்டுவந்த வழி அதுதான். பாட்டாவின் அம்மைக்கு மேலே ஒரு பெயர் தெரியவில்லை. பெரிய ஆச்சியிடம் கேட்டால் தெரியலாம். ஆடி முதல் வெள்ளிக்குக் கோவிலுக்கு வரும்போது கையில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா, தங்கை,
தோவாளைத் தாலுகாவில் பிறந்து கல்குளம் தாலுகாவில் வாழும் ஒரு வீட்டுப் பெண்